உறக்கப்பை பேணும் முறை

1911 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதலாந் திகதி இரவு, தென்துருவப் பெருநிலமாகிய அந்தாட்டிக்காவில், எவன்ஸ் முனையில் அமைந்திருந்த ஒரு மரக்குடிலுக்கு மூவர் திரும்பி வந்து சேர்ந்தனர். கப்டன் ஸ்கொட் அவர்களின் ஆய்வுக்குழுவைச் சேர்ந்த அம்மூவரும் ஐந்து வாரங்களுக்கு முன்னர், ஜூன் மாதம் 27 ஆந் திகதி, அதே குடிலிலிருந்து புறப்பட்டுச் சென்றவர்கள். ஒருவர் மருத்துவரும் இயற்கை நூலறிஞருமான எட்வேட் வில்சன். மற்றொருவர் கடற்படை உத்தியோகத்தரான ஹென்றி பவேர்ஸ். மூன்றாமவர் அப்ஸ்லி செரி-கரார்ட் என்னும் 25 வயது இளைஞர்.

அவர்கள் சென்ற நோக்கம் விந்தையானது. பேரரசப் பென்குவின் என்னும் பறவை கடுங்குளிர் காலத்தின் நடுவிலேதான் முட்டையிடுகின்றது. அம்முட்டையினுள் வளரும் கருவை ஆராய்ந்தால், ஊர்வனவற்றுக்கும் பறவைகளுக்கும் உள்ள உறவு புலப்படும் என்று அக்கால அறிஞர் கருதினர். ஆகவே, பகலிலும் சூரியன் தோன்றாத துருவ இருளில், ஏறத்தாழ 67 மைல் தூரத்திலுள்ள குரோசியர் முனைக்குச் சறுக்குவண்டிகளை இழுத்துக்கொண்டு அம்மூவரும் நடந்தனர். வழியில் ஒருநாள் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 77.5 பாகை பரனைற்று வரை இறங்கியது. செல்சியஸ் அளவிற் கூறுவதாயின் பூச்சியத்துக்குக் கீழே 60 பாகைக்கும் மேல்.

அவர்கள் மீண்ட மறுநாள், கப்டன் ஸ்கொட் தமது நாட்குறிப்பிற் சில நிறைகளை எழுதி வைத்தார். அம்மூவரும் இரவிலே படுத்துறங்கிய பைகளின் நிறைகள் அவை. புறப்படும்போது வில்சனுடைய உறக்கப்பை, அதன் உள்ளுறையாகிய தூவிப் போர்வையுடன் சேர்த்து 17 இறாத்தல் இருந்தது; திரும்பி வந்தபோது 40 இறாத்தல். பவேர்சுடையது 17 இறாத்தலிலிருந்து 33 இறாத்தலாயிற்று. செரி-கரார்டுடையது 18 இறாத்தலிலிருந்து 45 இறாத்தலாயிற்று. மூன்று பைகளிலுமாக 52 இறாத்தல், 118 இறாத்தலாகப் பெருகிவிட்டது. உணவு தீரத் தீர வண்டியின் சுமை குறைய வேண்டிய பயணத்திலே, படுக்கை மாத்திரம் நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே வந்தது.

இந்த 66 இறாத்தல் எங்கிருந்து வந்தது? மழை அங்கே பெய்வதில்லை. அவர்கள் ஆற்றிலோ குளத்திலோ விழவுமில்லை. காற்று அள்ளி வந்த பனித்தூள் சிறிது ஒட்டியிருக்கலாம். ஆனால் பெரும்பகுதியும் அம்மூவருடைய உடம்பிலிருந்தே வந்த நீராகும். மனிதன் உறங்கும்போதும் அவனுடைய தோலினூடாக, அவன் அறியாமலே, ஈரம் ஆவியாகி வெளியேறிக்கொண்டிருக்கின்றது. மூச்சிலும் நீராவி கலந்து செல்கின்றது. 66 இறாத்தலை மூவருக்கும் 35 இரவுகளுக்கும் பகிர்ந்து பார்த்தால், ஒருவருக்கு ஓர் இரவுக்கு ஏறக்குறைய ஒரு கோப்பைத் தண்ணீர் வரும். ஒரு கோப்பை நீர் அற்பம் என்றே தோன்றும். அதனை நாள்தோறும் வெளியேற்றாது விட்டால் நேர்வது யாது என்பதற்கு அந்த 118 இறாத்தலே சான்றாகும்.

உடம்பின் வெப்பத்தால் எழுந்த ஆவி பையின் உரோமத்தினூடே வெளிநோக்கிச் சென்று, குளிர்ந்த இடத்தை அடைந்ததும் பனிக்கட்டியாய் உறைந்தது. குளிர் தாங்காமல் அவர்கள் பையின் வாயை மூடிக்கொண்டு உள்ளேயே மூச்சுவிட்டதால், அந்த மூச்சும் உறைந்து உரோமத்திற் படிந்தது. காலையில் எழுந்தவுடன், பையின் வாய் இறுகிப் போவதற்கு முன்னர், தம் உடைமைகளை அதனுள் அடைத்து வைப்பார்கள். மாலையில் அவற்றை வெளியே எடுத்தால் ஒரு துவாரம் இருக்கும். அத்துவாரத்தினூடே காலை நுழைத்து, உடம்பின் சூட்டினாற் பையைச் சிறிது சிறிதாக இளக்கி, உள்ளே புகவேண்டும். துணிபோல் வளைய வேண்டிய படுக்கை பலகைபோல் நின்றது.

இத்தகைய கொடுங்குளிரை இலங்கை நேயர்களில் மிகச் சிலரே காண்பர். எனினும் நுவரெலியாவிலும் ஹோட்டன் சமவெளியிலும் தை மாதத்து விடியலிற் புல்லின்மேல் உறைபனி பூப்பதைப் பாசறைக்குச் சென்ற சாரணர் பலர் கண்டிருப்பர். மலைநாட்டுக் கூடாரத்தில் ஈரமான படுக்கையிற் படுத்து, பற்கள் கிட்டிக்க, எப்போது விடியும் என்று காத்திருந்தவர்களும் உளர். துருவத்தில் மூவரை வருத்திய நியதியே இங்கும் தொழிற்படுகின்றது. அளவு ஒன்றே வேறு. ஆதலின் ‘சிலீப்பிங் பாக்’ எனப் பலரும் வழங்கும் உறக்கப்பையை எவ்வாறு துப்புரவாகவும் உலர்வாகவும் பேணுவது என்பது அறியத்தக்க ஒரு விடயமாகும்.

முதலில், உறக்கப்பை எவ்வாறு சூடு தருகின்றது என்பதை விளங்கிக்கொள்ளல் வேண்டும். உண்மையில் அது சூடு தருவதே இல்லை. சூடு படுத்திருப்பவனுடைய உடம்பிலிருந்து வருவது. பை செய்வது அச்சூட்டை வெளியே ஓடவிடாது தடுப்பதே. அத்தடையும் துணியினால் ஆவதன்று. துணிக்குள் அசையாது அடைபட்டு நிற்கும் காற்றினால் ஆவது. பனிமானின் உரோமத்துக்குள்ளே காற்று நிறைந்த நுண்ணறைகள் உள்ளன. அதனாலேயே 1888 ஆம் ஆண்டிற் கிறீன்லாந்தின் பனிவெளியைக் கடந்த நான்சன் என்னும் நோர்வே நாட்டவர் தம் குழுவினருக்குப் பனிமான் தோற் பைகளைக் கொண்டு சென்றார். வாத்து, தாரா முதலிய நீர்ப்பறவைகளின் மார்பிலுள்ள மென்தூவியும் அவ்வாறே. ஒவ்வொரு தூவியும் எண்ணற்ற நுண்ணிழைகளாய் விரிந்து, தன் நிறைக்குப் பன்மடங்கு அதிகமான காற்றைப் பிடித்து வைத்திருக்கின்றது. பிற்காலத்தில் வந்த பொலியெஸ்தர் இழையும் இதே வேலையைச் செய்யுமாறு அமைக்கப்பட்டதேயாம்.

வீட்டிலுள்ள இலவம்பஞ்சுத் தலையணையை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். புதிதாய் அடைத்த தலையணை பொங்கி நிற்கும். நாட்பட்டு, வியர்வையும் எண்ணெயும் ஊறியபின் கட்டிபட்டுத் தாழ்ந்து போகும். வெயிலில் இட்டுத் தட்டினால் மீண்டும் ஓரளவு எழும். உறக்கப்பையின் வாழ்வும் அத்தகையதே. அது பொங்கி நிற்கும் வரைக்கும் பயன் தரும். தாழ்ந்துவிட்டால் வெறும் துணியாகிவிடும். அதனைத் தாழச் செய்யும் பகைகள் மூன்று: ஈரம், அழுக்கு, ஓயாத அழுத்தம்.

இம்மூன்றையும் தடுப்பதற்குரிய முதற் காவல், பையினுள் நுழைவதற்கு முன்னரே தொடங்குகின்றது. பகல் முழுவதும் நடந்து வியர்த்த உடையுடன் படுக்கக் கூடாது. முகமும் கையும் காலும் கழுவித் துடைத்து, உலர்ந்த உடையொன்றை அணிந்துகொண்டே பையினுள் நுழைதல் வேண்டும். பருத்தியாலோ பட்டாலோ தைத்த மெல்லிய உள்ளுறை ஒன்றைப் பையினுள் இட்டுக்கொள்வது மிக நன்று. வியர்வையும் எண்ணெயும் அவ்வுறையிற் படியும், பையிற் படியா. உள்ளுறையைத் துவைப்பது கைக்குட்டையைத் துவைப்பது போன்ற சிறு வேலை. பையைத் துவைப்பதோ ஒருநாள் வேலை.

பையை வெறுநிலத்தில் விரித்தலும் தவறு. நிலத்தின் ஈரமும் குளிரும் கீழிருந்து ஏறும். மேலும், உடம்பின் பாரத்தால் நசுங்கிய அடிப்பாகத்திற் காற்று நில்லாது. ஆகவே அப்பாகம் குளிரைத் தடுக்காது. ஒரு தடித்த விரிப்பாவது பாயாவது இடையில் இருத்தல் வேண்டும். இனி, எவ்வளவு குளிராயினும் மூக்கையும் வாயையும் பைக்கு வெளியே வைத்தே உறங்குதல் வேண்டும். தலைக்குக் கம்பளித் தொப்பி அணியலாம். கழுத்தைச் சுற்றித் துணி கட்டலாம். பையினுள்ளே மூச்சுவிடுதல் மாத்திரம் ஆகாது. குரோசியர் முனைக்குச் சென்றவர்கள் வேறு வழியின்றிச் செய்த அதனைப் பாசறைக்குச் செல்வோர் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

காலையில் எழுந்ததும் பலர் செய்யும் பிழை ஒன்றுண்டு. பை இன்னும் உடற்சூட்டுடன் இருக்கும்போதே அதைச் சுருட்டி இறுக்கிக் கட்டிவிடுகின்றனர். இரவிற் சேர்ந்த அந்த ஒரு கோப்பை நீரும் அதனுள்ளேயே சிறைப்பட்டுவிடுகின்றது. மாறாக, பையை முற்றாகத் திறந்து, உட்புறம் வெளியே வருமாறு புரட்டி, மரக்கிளையிலோ கயிற்றிலோ காற்றுப்பட விரித்துவிடுதல் வேண்டும். தேநீர் காய்ச்சிக் குடித்துக் கூடாரத்தைப் பிரித்து முடிப்பதற்குள் அது பெரும்பாலும் உலர்ந்துவிடும். இளவெயில் நல்லது. ஆயின் நண்பகல் வெயிலில் நாள்முழுதும் போட்டு வைத்தால் நைலோன் துணி நாளடைவில் நைந்துபோகும். துருவத்துக்குச் சென்ற அம்மூவருக்கும் கிடைக்காத பெருஞ்செல்வம் இந்தக் காலை வெயிலேயாகும். அவர்களுக்கு அது ஒருநாளாவது கிடைத்திருப்பின் பைகள் அவ்வளவு கனத்திரா.

அடுத்து, துவைத்தல் பற்றிக் கூறவேண்டும். உறக்கப்பையை அடிக்கடி துவைப்பது நன்றன்று. ஒவ்வொரு முறை நனைக்கும்போதும் தூவி சிறிது நலிவடையும். கழுத்துப் பக்கமும் தலைப்பக்கமுமே விரைவில் அழுக்கேறும் இடங்கள். அவ்விடத்து மேற்துணியை விரல்களால் இழுத்து, உள்ளிருக்கும் தூவியிலிருந்து பிரித்துப் பிடித்துக்கொண்டு, மென்மையான சவர்க்கார நீரில் தோய்த்த பழைய பற்தூரிகையாற் தேய்த்து, ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாற் போதும். பை முழுவதும் மணம் மாறி, தூவி கட்டிபட்டு, உதறியும் பொங்காத நிலை வந்தாலே முழுதாகத் துவைத்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் அது பெரும்பாலும் தேவைப்படாது.

துவைப்பதற்கு மழையற்ற, காற்று வீசும் நாட்களைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். முதலில் தையல்களைப் பார்த்து, கிழிசல் இருந்தால் அடைத்து, சிப்பை முழுவதும் பூட்டிக்கொள்ளுதல் வேண்டும். அகன்ற தொட்டியொன்றில் வெதுவெதுப்பான நீரை நிரப்பி, தூவிக்கென விற்கப்படும் திரவச் சவர்க்காரத்தை, அல்லது கடுமையற்ற வேறு சவர்க்காரத்தைச் சிறிதளவு கரைத்துப் பையை அதனுள் அமிழ்த்தலாம். சாதாரண சலவைத்தூள் தூவியின் இயற்கையான எண்ணெய்த்தன்மையை அகற்றிவிடும். எண்ணெய் நீங்கிய தூவி முறிந்து பொடிபடும். வெளிற்றும் தூளும் துணியை மிருதுவாக்கும் திரவமும் அறவே கூடா. கைகளால் மெல்ல அமுக்கி அமுக்கி, நீர் பை முழுவதும் ஊடுருவிச் செல்லுமாறு செய்தல் வேண்டும். கல்லில் அடித்தலும், முறுக்கிப் பிழிதலும், தேய்த்தலும் ஆகா.

அழுக்கு நீரை வெளியேற்றிய பின் நல்ல நீர் விட்டு அலசுதல் வேண்டும். நுரை முற்றாக நீங்கும் வரை, மூன்று நான்கு முறையாயினும் சலியாது அலசுதல் அவசியம். எஞ்சி நிற்கும் சவர்க்காரம் தூவியை ஒன்றோடொன்று ஒட்டச் செய்யும். இவ்வேளையிலேதான் மிகப் பெரிய தவறு நிகழ்வதுண்டு. நனைந்த பையை ஒரு முனையிற் பிடித்து வெளியே தூக்குவர். நீருண்ட தூவியின் பாரம் முழுவதும் கீழ்நோக்கி இழுக்க, உள்ளே தூவியை அறையறையாகப் பிரித்து வைத்திருக்கும் மெல்லிய தடுப்புத் துணிகள் கிழிந்துபோகும். வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் தூவி ஓரிடத்திற் குவிந்து, மற்றோரிடம் வெறுமையாகி, அப்பை பின்னர் திருத்துதற்கு அரியதாகிவிடும். ஆதலின் தொட்டியிலேயே வைத்து நீரை அமுக்கி வெளியேற்றி, இரு கைகளையும் அடியிற் கொடுத்து, தூங்கும் குழந்தையைத் தூக்குவது போல அதனைத் தூக்குதல் வேண்டும். அகன்ற கூடையொன்று இருந்தால் இன்னும் நன்று.

சலவை இயந்திரத்தை உபயோகிப்போர், முன்புறம் கதவுள்ள பெரிய இயந்திரத்தையே உபயோகித்தல் வேண்டும். நடுவே நின்று சுழலும் தண்டினையுடைய இயந்திரம் பையை முறுக்கிக் கிழித்துவிடும். தூவிப் பையை உலர்சலவைக்குக் கொடுத்தலும் தகாது. அங்கே பயன்படுத்தும் இரசாயனம் தூவியின் எண்ணெயைக் கரைத்துவிடும்.

துவைத்தல் பாதி வேலையென்றால் உலர்த்துதல் மறுபாதியன்று. முக்காற் பங்கு என்றே கூறலாம். வெளித்துணி ஒரு நாளில் உலர்ந்துவிடும். உட்தூவி உலர்வதற்கு இரண்டு மூன்று நாட்களும் செல்லலாம். நிழலும் காற்றும் உள்ள இடத்தில், வலைக்கட்டில் போன்ற ஒன்றின்மேற் பையைத் தட்டையாக விரித்து, அடிக்கடி புரட்டி, கட்டிபட்ட தூவியை விரல்களால் மெல்லப் பிரித்துவிடுதல் வேண்டும். உலர்த்தும் இயந்திரம் உள்ளவர்கள் மிகக் குறைந்த சூட்டில், தூய்மையான இரண்டு மூன்று டெனிஸ் பந்துகளையும் உடன் இட்டுச் சுழலவிடலாம். பந்துகள் துள்ளித் துள்ளித் தட்டுவதால் தூவிக் கட்டிகள் உடையும். அதற்கும் பல மணி நேரம் பிடிக்கும். பை உலர்ந்துவிட்டதா என்பதை அறிய, அதனை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தல் வேண்டும். கருநிழல்போற் கட்டிகள் தென்பட்டால் உள்ளே ஈரம் உண்டு. முகர்ந்து பார்த்தாலும் தெரியும். ஈரத்துடன் மூடி வைத்த தூவி, இலங்கை போன்ற வெப்பமும் ஈரலிப்பும் மிக்க நாட்டில், சில நாட்களிலேயே பூஞ்சணம் பற்றி நாறத் தொடங்கும். பின்னர் எவ்வளவு துவைத்தாலும் அந்நாற்றம் எளிதில் அகலாது.

பொலியெஸ்தர் இழை அடைத்த பைகள் இவ்வளவு அருமை பாராட்டுவன அல்ல. அவ்விழை நீரை உறிஞ்சாது, நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும், விரைவில் உலரும். மழை மிகுந்த பிரதேசங்களுக்கு அவை பெரிதும் பொருந்தும். ஆயினும் மிகுந்த சூடு அவ்விழையை இளக்கித் தாழச் செய்யும். கொதிநீரும், அழுத்திக்கருக்கியும், அடுப்பங்கரையும் அதற்குப் பகை. நீண்டநாள் இறுக்கிக் கட்டி வைத்தால், தூவியை விட விரைவில் அது தன் எழுச்சியை இழந்துவிடும்.

பாசறைத் தீயின் ஒரு பொறி போதும், நைலோன் துணியில் ஓட்டையிடுவதற்கு. அவ்வோட்டையை உடனே ஒட்டுநாடாவால் மூடிவிடுதல் வேண்டும். இல்லையேல் அதன் வழியே தூவி பறந்து போகும். தையலினூடே ஓர் இறகின் நுனி வெளியே தலைகாட்டினால், அதைப் பிடுங்குதல் ஆகாது. ஒன்றைப் பிடுங்கினால் அது தன் பின்னே பலவற்றை இழுத்து வரும். மறுபுறத்திலிருந்து துணியைப் பற்றி, அவ்விறகை உள்ளே திரும்ப இழுத்து, துவாரத்தை விரலால் தேய்த்து மூடிவிடுதலே முறை.

இனி, வீட்டில் வைக்கும் விதம். பாசறைக்குக் கொண்டுசெல்லும் சிறிய உறை, பயணத்துக்கு மாத்திரம் உரியது. வீட்டுக்கு வந்ததும் பையை அதிலிருந்து வெளியே எடுத்து, இரண்டொரு நாள் காற்றாட விட்டு, தளர்வான பெரிய பருத்திப் பையில் இட்டோ, அலுமாரியில் தொங்கவிட்டோ வைத்தல் வேண்டும். பொலித்தீன் பையில் இட்டால் ஈரம் வெளியேறாது. எலியும் கரப்பானும் அணுகாத இடமாயிருத்தலும் வேண்டும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையாவது வெளியே எடுத்து உதறி, வெயில் கண்ட நாளில் காற்றுப்பட விரித்து வைப்பது நலம்.

குரோசியர் முனைக்குச் சென்றவர்களின் கதையில் இன்னும் சிறிது எஞ்சியுள்ளது. அங்கே அவர்கள் ஐந்து முட்டைகளை எடுத்தனர். இரண்டு உடைந்தன. பின்னர் எழுந்த பெரும்புயல் அவர்களுடைய கூடாரத்தைத் தூக்கிச் சென்றது. கல்லடுக்கிக் கட்டிய குடிசையின் கூரையும் பறந்தது. கூரையின்றி, உணவின்றி, உறைந்த அந்தப் பைகளுக்குள்ளேயே பனி மூடக் கிடந்தனர். ஈரமேறிக் கனத்துப்போன பைகளாயினும், அவையே அம்மூவருடைய உயிரையும் காத்தன. புயல் அடங்கிய பின் கூடாரம் சரிவின் கீழே அகப்பட்டது ஒரு பேரதிர்ஷ்டம்.

செரி-கரார்டின் பை அவருடைய உடம்புக்கு மிகப் பெரியது. உள்ளேயிருந்த வெற்றிடத்தைச் சூடாக்க மாட்டாமல், அவர் இரவெல்லாம் நடுங்கினார், உறக்கமின்றித் தளர்ந்தார். பவேர்ஸ் தம்முடைய தூவி உள்ளுறையை அதுவரை உபயோகிக்காமல் உலர்வாகவே கட்டி வைத்திருந்தார். அதனை எடுத்துச் செரி-கரார்டுக்குக் கொடுக்க முன்வந்தார். முதலில் மறுத்த செரி-கரார்ட், முடிவில் நாணத்துடன் ஏற்றுக்கொண்டார்.

மூன்று முட்டைகளும் குடில் வந்து சேர்ந்தன. வில்சனும் பவேர்சும் ஸ்கொட்டுடன் தென்துருவம் நோக்கிச் சென்று, 1912 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், திரும்பும் வழியில் இறந்தனர். அவ்வாண்டு நவம்பர் மாதம் 12 ஆந் திகதி அவர்களுடைய கூடாரத்தைக் கண்டுபிடித்த குழுவிலே செரி-கரார்டும் இருந்தார். உள்ளே, தம் உறக்கப்பைகளை மூடிக்கொண்டு, உறங்குவார் போல அவருடைய பழைய தோழர் இருவரும் கிடந்தனர். முட்டைகளை 1913 ஆம் ஆண்டில் இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் ஒப்படைத்தவரும் அவரே. அவை இன்றும் அங்கே பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

பனிப்புலத்தின் நடுவே, தன் படுக்கையின் ஒரு பகுதியை உலர்வாகக் காத்து வைத்திருந்தவனால், அதனைத் தோழனுக்குக் கொடுக்க முடிந்தது. பாசறைக்குச் செல்லும் இளைஞருக்கும் இது பொருந்தும். நள்ளிரவில் மழையில் நனைந்து நடுங்கும் ஒருவன் கூடாரத்துக்குள் வந்தால், அங்கே அவனுக்குக் கொடுப்பதற்கு உலர்ந்த படுக்கையொன்று இருத்தல் வேண்டும். அது இருப்பதும் இல்லாததும், முந்திய நாட்காலை தேநீர் அருந்துமுன் அதனைக் கயிற்றில் விரித்தார்களா, இல்லையா என்பதையே பொறுத்தது.